குவாட்டர்பேக்கின் முடிவுகளும் சாக்கும்

அமெரிக்கக் கால்பந்தில், குவாட்டர்பேக் பந்தை முன்னோக்கி எறியும் முன்பே எதிரணியினர் அவரை, ஆட்டம் தொடங்கும் இடமான ஆட்டக்கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவது சாக் எனப்படும். அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 1982 முதல் இதை வீரர்களின் தனிக்கணக்கில் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்கிறது.

ஒரு சென்டர், இரு கார்டுகள், இரு டேக்கிள்கள் என ஐவர் கொண்ட வரிசையே குவாட்டர்பேக்குக்கு முதன்மைக் காவல். ஆயினும் சாக்குகளுக்கு அவர்கள் மட்டுமே பொறுப்பல்லர். ஆட்டம் தொடங்கும் முன், எதிரணி நிற்கும் விதத்தைக் கொண்டு பிளிட்ஸ் (கூடுதல் வீரர்கள் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) வரும் திசையைக் கணித்து, தடுப்பு முறையை மாற்றும்படி குவாட்டர்பேக் குரல் கொடுக்கலாம். தடுப்பவர் ஐவராகவும் பாய்பவர் அறுவராகவும் இருந்தால் ஒருவர் தடையின்றி வருவார். அப்போது அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை உடனே எறிவதே வழி.

நிற்கும் இடமும் முக்கியம். ஓரத்திலிருந்து பாய்பவரை டேக்கிள் பின்புறமாக வளைத்துத் தள்ளுவார். குவாட்டர்பேக் அளவுக்கு மீறிப் பின்வாங்கினால் அந்தப் பாய்பவர் கையிலேயே சிக்குவார். ஓரடி முன்னேறினால் தப்பலாம். டேக்கிள்களின் எல்லையைத் தாண்டியபின், ஆட்டக்கோட்டை எட்டும்படி பந்தை வெளியே எறிந்துவிடவும் விதி இடம் தருகிறது.

விரைந்து எறிவதில் பெயர்பெற்ற டான் மரினோ 1988இல் 606 முறை பந்தை எறிந்தும் 6 முறையே சாக் ஆனார். அப்போது புதிய அணியாக இருந்த ஹூஸ்டன் டெக்சன்சின் டேவிட் கார் 2002இல் 76 முறை வீழ்த்தப்பட்டார். இதில் பலவீனமான வரிசைக்கும் பங்குண்டு. மறுபுறம், தொலைதூர வீச்சுக்காகப் பந்தை நெடுநேரம் வைத்திருப்பவர் சாக் அபாயத்தை அறிந்தே ஏற்கிறார்.