பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

சென்ற வருடம் நண்பன் ஒருவனுக்குத் துணையாகச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். ஆறு வயது மகள் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. அவனும் என்னைப்போல மென்பொருள் ஆள். மனைவியின் தவறுகளைத் தேதிவாரியாக எக்ஸெல்லில் போட்டு, வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்களைப் பிரிண்ட் எடுத்து, தடிமனான ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். “இவ்ளோ எவிடென்ஸ் இருக்குடா, எப்படித் தோப்பேன்?” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. காத்திருந்த நேரத்தில் எதிரே தெரிந்த சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1913இல் அன்னி பெசன்ட் அந்த உயர் நீதிமன்றத்தில், வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே நின்று வாதாடினார். அதுவும் பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்கிற வழக்குதான்.

நமக்கு பெசன்ட் என்றால் ஹோம் ரூல், அடையாறு பிரம்மஞான சபை, போனால் போகிறதென்று ஒரு கடற்கரை. ஆனால் பிள்ளைகளுக்கான வழக்கில் அவர் இரண்டு முறை நின்றிருக்கிறார். முதல் முறை, மகளைப் பறிகொடுக்கும் தாயாக. இரண்டாம் முறை, ஒரு தகப்பன் தன் மகன்களைத் திருப்பிக் கேட்டபோது எதிர்த்தரப்பாக.

முதல் வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. அந்த நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தகப்பனுக்குத்தான். பெற்றவள் பார்க்கக்கூட உரிமை கோர முடியாது. கரோலின் நார்ட்டன் என்கிற எழுத்தாளரிடமிருந்து அவர் கணவர் மூன்று மகன்களையும் பிரித்தார். அவர் எழுதி, வாதாடி, ஆள் பிடித்து நடத்திய போராட்டத்தால்தான் 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதுவும் அவள்மீது கள்ள உறவு நிரூபிக்கப்படாமல் இருந்தால்தான். 1873இல் அந்த வயது வரம்பு பதினாறாக உயர்ந்தது.

அதே 1873இல்தான் பாதிரியாரான கணவரை விட்டு அன்னி பிரிந்தார். கிறிஸ்தவ நம்பிக்கை போய்விட்டிருந்தது. மகன் தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம் என்று ஒப்பந்தம். 1877இல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை மறுபதிப்பு செய்தார். ஆபாச வழக்கு, தண்டனை, பிறகு தொழில்நுட்பக் காரணத்தால் விடுதலை. கணவர் காத்திருந்ததுபோல நீதிமன்றம் போனார். மகளைத் தாய் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதல்ல அவருடைய வாதம். தாய் நாத்திகி, மகளுக்கு மதக்கல்வி தரவில்லை, அப்படியொரு நூலை வெளியிட்டவள், அவ்வளவுதான். 1878இல் நீதிபதி ஜெசல் மேபலைத் தகப்பனிடம் கொடுக்க உத்தரவிட்டார். அவளுக்கு வயது ஏழு. 1879இல் மேல்முறையீடும் தோற்றது.

என் நண்பனின் ஃபைல் மாதிரிதான் அந்த வழக்கும். தாயைப் பற்றி எல்லாம் இருந்தது.

இனி அடையாறு. ஓய்வுபெற்ற அரசு ஊழியரான நாராயணய்யா, மனைவியை இழந்தவர், 1909இல் சபையில் வேலைக்கு வந்தார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியைக் கடற்கரையில் பார்த்த லெட்பீட்டர், இவனே வரப்போகும் உலக ஆசான் என்றார். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் பெசன்டின் பொறுப்பில் விட்டு நாராயணய்யா கையெழுத்துப் போட்டார். 1912இல் பெசன்ட் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். லெட்பீட்டரின் அருகில் பிள்ளைகள் இருப்பது தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. செங்கல்பட்டில் வழக்குப் போட்டார், அது உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். 1913 ஏப்ரலில் தீர்ப்பு தகப்பன் பக்கம், மேல்முறையீட்டிலும் அதேதான்.

1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தலைகீழாக்கியது. அந்தத் தீர்ப்பு பெசன்டின் வெற்றி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டதால் பிள்ளைமீதான பொறுப்பு தகப்பனைவிட்டு நிரந்தரமாகப் போய்விடாது, திருப்பிக் கேட்கலாம் என்று அது சொன்னது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் புது வாழ்க்கையில் வேர்விட்டிருந்தால், பிடுங்குவது அவர்களைப் பாதிக்குமா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. பையன்கள் இருந்ததோ இங்கிலாந்தில், செங்கல்பட்டுக்கு அதிகாரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், அவர்கள் தரப்பில் யாரும் நிற்கவில்லை, அவர்கள் விருப்பத்தை யாரும் விசாரிக்கவில்லை. கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது சுமார் 19 வயது!

இத்தனைக்கும் விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று நம்முடைய 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. 1956ஆம் வருட இந்து சட்டம் பிள்ளையின் நலனே முதன்மை என்றது, ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் என்றது. கூடவே ‘தந்தை, அவருக்குப் பிறகு தாய்’ என்றும் வைத்திருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் போட்ட வழக்கில் 1999இல்தான் உச்ச நீதிமன்றம், ‘பிறகு’ என்றால் தந்தை இறந்த பிறகு மட்டுமல்ல, பொறுப்பில் அவர் இல்லாதபோதும்தான் என்று விளக்கியது.

அன்று மாலை டீக்கடையில் நண்பனின் லேப்டாப்பை வாங்கி, அந்த எக்ஸெல்லில் மகளின் பெயரைத் தேடினேன். நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளில் நான்கு இடத்தில் வந்தது. நான்கும் சண்டை நடந்த இடங்கள். “ஜட்ஜ் ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பாப்பாகிட்ட தனியா பேசலாம்டா. அப்போ இந்த ஃபைல் அங்க இருக்காது. நீ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிச்சா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். ஸ்கூல்ல யார் விடுறாங்க, காய்ச்சல்னா யார் முழிக்கிறாங்க, யார்கிட்ட தூங்குவா, அம்மாவைப் பார்க்க நீ விடுவியா? இதுக்குப் பதில் எழுது” என்றேன். “அவ க்ளாஸ் டீச்சர் பேரு என்ன?”

அவன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரியவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்வதற்கில்லை. போன வாரம் போனில் டீச்சர் பெயரைச் சொன்னான். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மனைவிக்கு போன் போட்டுக் கேட்டானாம்.