மடல்

கொரட்டூரில் நாளிதழோடு சேர்ந்து வந்து விழுந்தது எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் ஒரு நாலுபக்கத் தாள். தொகுதியில் அந்த மாதம் நடந்த வேலைகள்: சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், ஏரி. தலைப்பில் 'நியூஸ்லெட்டர்' என்று தமிழ் எழுத்தில் இருந்தது. 'செய்திமடல்' என்று போட்டிருக்கலாமே என்றேன். "மடல்னா காதுமடல்தானே சார்?" என்றார் பக்கத்து வீட்டு இளைஞர். தவறில்லை. தாழம்பூவுக்கும் மடல், வாழைக்கும் மடல், காதுக்கும் மடல். பனையில், கருக்கு உள்ள மட்டைதான் மடல், எழுதியதோ ஓலையில். எழுத்தைச் சுமந்த ஓலை கல்யாணப் பத்திரிகையோடு ஒதுங்கிக்கொள்ள, எழுதப்படாத மடல் கடிதமாகிவிட்டது, வேடிக்கைதான். சங்கப் பாடல்களின் தலைவன் பனைமட்டையால் குதிரை செய்து அதில் ஏறி, தன் காதலை ஊரறியத் தெருவில் வருவான், அது மடலேறுதல். பெண்கள் மடலேறக் கூடாது என்கிறது தொல்காப்பியம். திருமங்கையாழ்வாரோ பெண்ணாகப் பேசியே சிறிய திருமடலும் பெரிய திருமடலும் பாடினார். அப்போதே மடல் மட்டை என்ற பொருளைத் தாண்டி, பலரறியச் சொல்லும் முறையீடாகி விட்டது. அதனால்தான் சட்டமன்ற உறுப்பினர் மாதாமாதம் வாக்காளருக்குத் தரும் கணக்குக்கு 'செய்திமடல்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'செய்தித்தாள்' நாளிதழுக்குப் போய்விட்டது. 'அறிக்கை'யில் அலுவலக வாடை. 2008 தொகுதி மறுவரையறையில் பிறந்தது எங்கள் அம்பத்தூர் தொகுதி. மடல் என்ற சொல்லுக்கோ வயது ஈராயிரம். ஒரு சந்தேகம் மட்டும்: அன்று மடலேறியவன் கருக்கில் கிழிபட்டான். இன்றைய மடல் வழவழப்பான தாளில் வருகிறது.