பெயர் முன்னர், சுட்டுப் பின்னர்

கிரேக்க மொழியில் 'அனஃபொரா' என்றொரு சொல் உண்டு. 'மேலே சுமந்து செல்லல்', 'திரும்பக் கொணர்தல்' என்பன அதன் வேர்ப்பொருள். அணியிலக்கணம், வழிபாடு, மொழியியல் ஆகிய மூன்று துறைகளிலும் இச்சொல் வாழ்வது வியப்புக்குரியது.

அணியிலக்கணத்தில், அடுத்தடுத்த அடிகளின் தொடக்கத்தில் ஒரே சொல் மீண்டும் வருவதை அது குறிக்கும். ஹோமரின் இலியட்டில் நிரேயுசு என்னும் சிற்றரசன் மூன்றே கப்பல்களோடு வருகின்றான்; அழகன், ஆயின் வலியிலன். அடுத்தடுத்த மூன்றடிகள் அவன் பெயரால் தொடங்குகின்றன. அதன் பின்னர்க் காப்பியத்தில் அவன் பேச்சே இல்லை. ஆயினும், அம்மும்மடிப்பே அவனை நினைவில் நிறுத்திற்று என்பதை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டினார். சொல்லும் பொருளும் மீண்டு வருதலைத் தண்டியலங்காரம் 'பின்வருநிலை' என வகுப்பதை ஈண்டு நாம் ஒப்பு நோக்கலாம்.

கீழைத் திருச்சபைகளிலோ, அப்பமும் இரசமும் இறைவனுக்கு மேலெடுத்துப் படைக்கப்படும் நடுநாயக மன்றாட்டுக்கு இதுவே பெயர். அத்தாய், மாரி என்போர் பெயரால் வழங்கும் சிரியாக் மொழி அனஃபொரா, இன்றும் வழக்கிலுள்ள மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று. கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையும், திருச்சூரிலுள்ள கல்தேயத் திருச்சபையும் அதனைப் போற்றி வருகின்றன.

மொழியியலில், முன்னர்க் கூறிய பெயரைப் பின்வரும் 'அவன்', 'அது' போன்ற சொற்கள் மீட்டுச் சுட்டுவதே அனஃபொரா. இதற்குத் தொல்காப்பியர் அன்றே விதி வகுத்தார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கே வினைகொள்ளுமிடத்துச் சுட்டுப்பெயரை முற்படக் கூறலாகாது என்பது கிளவியாக்கம் தரும் நெறி. 'வளவன் வந்தான், அவனுக்கு நீர் கொடு' என்பதே முறை. அவனை முன்வைத்து வளவனைப் பின்வைத்தால், கேட்பவன் யாரையென்று அறியாது மயங்குவான். செய்யுளுக்கு மட்டும் இவ்விதியினின்று விலக்களித்தார் அவர்.

இவ்விதி நம் இல்லங்களுக்கும் பொருந்தும். பிறமாநிலங்களில் வாழும் நாம், 'அங்கெல்லாம் அப்படித்தான்', 'அந்த ஆறு', 'அந்தத் திருவிழா' என்று நாள்தோறும் பேசுகின்றோம். நமக்கு அச்சுட்டுகளின் பின்னே ஊரும் பேரும் நிற்கின்றன. இங்கே பிறந்த நம் மக்களுக்கோ அவை எதனையும் சுட்டா. ஆற்றின் பெயரையும், ஊரின் கதையையும், பாட்டன் பாட்டியர் பேரையும் முதற்கண் சொல்லிவைப்போம், மீளமீளச் சொல்லுவோம். பெயர் முன்னர் நின்றாலன்றோ சுட்டுப் பொருள்தரும்!