இரண்டாவது மார்ஷ்மெல்லோ வருமா?

போன வாரம் என் அக்கா பொண்ணு என்கிட்ட கேட்டா: "சித்தி, நாளைக்கு நாம பீச்சுக்குப் போனோம்ல?" நாலு வயசு. நாங்க பீச்சுக்குப் போனது முந்தாநாள். ஆனா அவளுக்கு, இன்னைக்கு இல்லாத எல்லா நாளும் "நாளைக்கு"தான். சிரிச்சுக்கிட்டே, "நாளைக்கு மறுபடியும் கூட்டிட்டுப் போறேன்டா செல்லம்"னு சொன்னேன். கூட்டிட்டுப் போகல. ஆபீஸ் வேலை. ரெண்டு நாள் கழிச்சு, "சாப்பிட்டு முடி, அப்புறம் ஐஸ்கிரீம் தரேன்"னு சொன்னப்போ, "இல்ல, இப்பவே"னு உட்கார்ந்துட்டா. "என்னடி இவ்வளவு அடம்"னு திட்டினேன். அது அடமா, வேற ஏதாவதா? அந்தக் கேள்விக்குப் பின்னாடி அறுபது வருஷத்துக் கதை ஒன்னு இருக்கு.

மார்ஷ்மெல்லோ டெஸ்ட் பத்தி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் நர்சரி ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது. 1960களின் கடைசியில் அங்கே வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் குழந்தைகள் முன்னால் ஒரு இனிப்பை வைத்தார். இப்பவே வேணும்னா ஒன்னு. நான் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு. சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விடுவார்கள். சில குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள், சிலர் பாட்டுப் பாடினார்கள், சிலர் உடனே சாப்பிட்டுவிட்டார்கள்.

1990ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை இதை உலகப் புகழ் ஆக்கியது. நாலு வயதில் அதிக நேரம் காத்திருந்தவர்கள், வளர்ந்த பிறகு கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள் என்றது அது. அதில் மதிப்பெண் கிடைத்தது நூறு பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான். அவர்களில் பலர் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்த செய்தி ஒன்றுதான்: சுயக்கட்டுப்பாடு இருந்தா ஜெயிப்ப, இல்லன்னா அவ்வளவுதான்.

இந்தக் கதை ஸ்டான்ஃபோர்டில் தொடங்கவே இல்லை. மிஷெல் 1930ல் வியன்னாவில் பிறந்த யூதக் குழந்தை. 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டபோது அவருக்கு எட்டு வயது. குடும்பம் ஊரைவிட்டுத் தப்பி, கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளினில் போய்ச் சேர்ந்தது. "நாளைக்கு" என்பது எப்படி ஒரே நாளில் காணாமல் போகும் என்று பார்த்த குழந்தை அவர்.

வளர்ந்து ஆராய்ச்சியாளர் ஆன பிறகு, 1950களில் அவர் கரீபியக் கடலில் இருக்கிற டிரினிடாட் தீவுக்குப் போனார். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளி மக்களும், கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். அந்த இந்தியர்களில் சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர்களும் உண்டு. இந்தியர்கள் சொன்னார்கள்: "அவங்க இன்னைக்குக் கிடைச்சதை இன்னைக்கே செலவழிப்பாங்க." அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்: "இவங்க காசை மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சிட்டு வாழவே மாட்டாங்க."

மிஷெல் அங்கே பள்ளிக் குழந்தைகளிடம் போய்க் கேட்டார்: சின்ன மிட்டாய் இப்பவே வேணுமா, பெரிய மிட்டாய் அடுத்த வாரம் வேணுமா? இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. அப்பா வீட்டில் இல்லாத குழந்தைகள்தான் அதிகமாக "இப்பவே" என்றார்கள். அப்பா இருக்கிற வீட்டுக் குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டால் இன வித்தியாசம் மறைந்துவிட்டது. யாரோ முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து "அடுத்த வாரம் தரேன்" என்கிறார். அவரை எதற்கு நம்பணும்? இந்தக் கேள்வி 1958லேயே மேஜை மேல் இருந்தது. மார்ஷ்மெல்லோ புகழில் அது அடியில் போய்விட்டது.

இங்கே இன்னொரு இனிப்பும் வருது. 1983ல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பொதுவாக, இப்போது சாக்லேட் இருக்கிற இடத்தையே காட்டுவார்கள். நாலு, ஐந்து வயதில்தான் "அவனுக்குத் தெரியாதுல்ல, பழைய இடத்துலதான் தேடுவான்" என்பது பிடிபடுகிறது. அதாவது, இன்னொருத்தர் மனசில் இருப்பதும் நிஜமும் வேறு வேறாக இருக்கலாம். இது புரிகிற அதே வயதுக் குழந்தையிடம்தான் நாம் "நான் வர்ற வரைக்கும் காத்திரு" என்கிறோம்.

2013ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் அந்தப் பழைய கேள்வியைத் திரும்ப எடுத்தார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 28 குழந்தைகள். மார்ஷ்மெல்லோவுக்கு முன்னால், "இரு, நல்ல கிரேயான் கொண்டு வரேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குக் கொண்டு வந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "சாரி, இல்லையாம்" என்றார். ஸ்டிக்கரிலும் அதேதான். பிறகு மார்ஷ்மெல்லோ வந்தது. சொன்னபடி கிடைத்த குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்! 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள், முதல் குழுவில் 14 பேரில் 9 பேர். இரண்டாவதில் ஒரே ஒரு குழந்தை.

2018ல், 900க்கும் அதிகமான குழந்தைகளின் தகவலை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. காத்திருப்புக்கும் 15 வயதில் படிப்புக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் பழைய ஆய்வில் சொன்னதில் பாதி. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்தால் அதுவும் பெருமளவு கரைந்துவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் மிஷெல் காலமானார்.

சுயக்கட்டுப்பாடே பொய் என்று நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடிய குழந்தை நிஜமாகவே ஒரு வித்தை கற்றிருந்தது. ஆனால் அந்த வித்தைக்கு முன்னாடி, "திரும்பி வருவாங்க" என்ற நம்பிக்கை வேணும். அதைக் குழந்தை தனியாகச் செய்துகொள்ள முடியாது. நாமதான் தரணும், இல்லன்னா கெடுக்கணும். பாதி வாரத்தில் அரிசி தீர்ந்துபோகிற வீட்டில் "அப்புறம்" என்பதை நம்பாத குழந்தையை, பொறுமை இல்லாதது என்று சொல்லலாமா? அது கணக்குப் போடுது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில பீச்சுக்குப் போனோம். போற வழியெல்லாம் அவ நம்பவே இல்ல. மணல்ல கால் வெச்ச பிறகுதான் என் கையை விட்டா. கிளம்பும்போது, "நாளைக்கு வருவோமா?"ன்னா. வாய் வரைக்கும் வந்துடுச்சு "ம்". நிறுத்திட்டு, "நாளைக்கு இல்லடா, அடுத்த சனிக்கிழமை"னு சொன்னேன். போன்ல அலாரமும் வெச்சிருக்கேன்.