கீறலில் நின்றவர்கள்

சில வருடங்களுக்கு முன் தரம் 10 மாணவி ஒருத்தி, 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த தன் உம்மம்மாவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தமிழில் எழுதி வந்தாள். 'ஸ்டார்ட் ஃப்ரொம் ஸ்கிராட்ச்' என்ற இடத்தில் "கீறலிலிருந்து தொடங்கினோம்" என்றிருந்தது. சிவப்பு மையால் வெட்டி "பூச்சியத்திலிருந்து" என்று திருத்தினேன். "ஸ்கிராட்ச் எண்டா கீறல்தானே சேர்?" என்றாள். நான் கணக்கெடுக்கவில்லை.

உண்மையில் அது நிலத்தில் இழுத்த கீறலேதான். சுண்ணாம்புக் கோடு வரும் வரை கிரிக்கெட்டில் கிரீஸைக்கூடப் புல்தரையில் வெட்டித்தான் அடையாளமிட்டார்கள். கையுறையில்லாத அந்தக் காலக் குத்துச்சண்டைக்கு 1838இல் இலண்டனில் விதிகள் எழுதினார்கள். அதன்படி விழுந்தவனுக்கு 30 விநாடி ஓய்வு. பிறகு 8 விநாடிக்குள் ஒருவரும் பிடிக்காமல், தன் காலாலேயே நடந்து வளையத்தின் நடுக்கீறலுக்கு வரவேண்டும். வராவிட்டால் தோல்வி. தேறாத ஆளை 'கீறலுக்கு வரவில்லை' என்று ஆங்கிலத்தில் சொல்வது இதனால்தான்.

நமது தொடர் ஓட்டப் பந்தயத்தில் பிறந்தது. வேகம் குறைந்தவர்களைச் சில யார் முன்னால் நிறுத்திவிட்டு ஓடவிடும் பந்தயங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்றிருந்தன. கீறலிலேயே நின்று தொடங்குபவன் ஒரு சலுகையும் பெறாதவன். அதாவது ஆகத் திறமையானவன்! அவுஸ்திரேலியாவின் ஸ்டாவெல் நகரில் 1878இல் ஆரம்பித்த இத்தகைய பந்தயம் இன்றும் நடக்கிறது. 1975இல் மடகஸ்காரைச் சேர்ந்த ரவெலொமனன்ட்ஸோவா கீறலிலிருந்தே ஓடி, முன்னால் நின்ற எல்லோரையும் பிடித்து வென்றார். கோல்ஃப் ஆட்டத்தில் இன்றைக்கும் சலுகை தேவைப்படாத ஆட்டக்காரருக்குத்தான் இந்தப் பெயர்.

காலப்போக்கில் 'சலுகை இல்லை' என்பது 'கையில் ஒன்றுமில்லை' என்றாகிவிட்டது. பலசாலி நின்ற இடத்தில் இல்லாதவன் வந்து நிற்கிறான். அகராதி பார்த்து நான் போட்ட பூச்சியத்தில் அந்த ஓட்டக்காரன் இல்லை. பிள்ளையின் கீறலில் இருந்தான். மற்றவர்கள் எத்தனையோ யார் முன்னால் நிற்க, அந்த உம்மம்மா ஓடத் தொடங்கிய இடமும் அதுதானே.

அந்தக் கொப்பி இப்போது எங்கே என்று தெரியாது. பாடத்தில் இந்தத் தொடர் வந்தால், கரும்பலகையில் முதலில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குகிறேன்.