கிழக்குக் கரையின் தாராவும் ஒரு பொட்காஸ்டும்

யுத்த காலத்தில், வடக்கில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. செய்தி போகும் நேரத்துக்கு வானொலிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தவறினால் தவறியதுதான். அந்த நேரக் கட்டாயம் இல்லாத வானொலிதான் பொட்காஸ்ட். நிகழ்ச்சி ஓர் ஒலிக்கோப்பாக இணையத்தில் இருக்கும். வைஃபை கிடைக்கும் இடத்தில் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டு, பிறகு வயலிலோ பஸ்ஸிலோ இணையம் இல்லாமலே கேட்கலாம். பெயர் 2004இல் வந்தது. 2005இல் அப்பிள் நிறுவனம் தனது ஐரியூன்ஸ் மென்பொருளில் இதைச் சேர்த்தபின் பரவலானது.

வரலாற்றையும் அறிவியலையும் சாதாரண மனிதருக்குச் சொல்லும் பொட்காஸ்டுகள் இன்று ஏராளம். அவற்றில் எங்களுக்கு நெருக்கமான ஒன்று உண்டு. பி.பி.சி. வானொலி 4உம் பிரித்தானிய அருங்காட்சியகமும் இணைந்து 2010இல் ஒலிபரப்பிய '100 பொருட்களில் உலக வரலாறு'. அருங்காட்சியகத்தின் அப்போதைய பணிப்பாளர் நீல் மக்கிரிகர் தானே பேசினார். ஒரு பகுதிக்கு ஒரு பொருள், சுமார் 15 நிமிடம்.

கண்ணால் பார்க்க வேண்டியவற்றை வானொலியில் சொல்வதா என்று தோன்றும். ஆனால் அந்தக் குறைதான் தொடரின் பலம். கேட்பவருக்குப் பொருள் தெரியாது என்பதால், அது என்ன எடை, எப்படிச் செய்யப்பட்டது, யார் கையில் இருந்தது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 40ஆவது பொருள் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் என்ற ஊரில் 1992இல் கிடைத்த ஒரு சிறிய வெள்ளி மிளகுச் சிமிழ். தொலைந்த சுத்தியலைத் தேடப்போனவருக்கு உரோமர் காலப் புதையல் அகப்பட்டது. அந்தச் சிமிழில் தொடங்கும் கதை, மிளகு ஏற்றிய கப்பல்களோடு தென்னிந்தியா வரை வருகிறது.

54ஆவது பொருள் தாரா. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்ட, பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை. சுமார் 1,200 ஆண்டுகள் பழையது, உயரம் 143 சென்ரிமீற்றர். மெழுகு வார்ப்பு முறையில், உள்ளே வெற்றிடம் விடாமல் முழு உலோகமாக வார்க்கப்பட்டது. இவ்வளவு பெரிய சிலையை அப்படி வார்ப்பது எளிதல்ல. உலோகம் குளிரும்போது வெடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இடுப்புக்கு மேல் ஆடையில்லாத சிலை என்பதால் சுமார் 30 ஆண்டுகள் அதைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் ஆய்வாளர்களுக்கு மட்டும் திறந்த களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள்.

தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம். அவளது வேர் இந்து சமயத் தாய்த்தெய்வ வழிபாட்டில் இருப்பதையும், இந்தத் தீவில் இரு சமயங்களும் நூற்றாண்டுகளாக ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்தும் கொடுத்தும் வந்ததையும் அந்தப் பகுதி பேசுகிறது. இது எங்களுக்கு வெறும் பொது அறிவு அல்ல. கிழக்கில் மண்ணுக்குள் இருந்து ஒரு செங்கல் வெளிவந்தாலே, காணி யாருக்கு என்ற பயம் பிறகே வருகிறது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ஒரு சிலை ஒரு இனத்துக்கான உறுதிப்பத்திரம் அல்ல என்பதைக் கால் மணி நேரத்தில், யாரையும் திட்டாமல் விளக்கும் குரல் இந்தச் சூழலில் பெரிய விடயம்.

தொடருக்கு ஒரு குறையும் உண்டு. நூறு பொருட்களும் ஒரே அருங்காட்சியகத்தில் இருப்பவை. அவற்றில் பல அங்கே எப்படிப் போயின என்பதைப் பணிப்பாளரே சொல்லும்போது எவ்வளவு தூரம் சொல்வார்? கண்டியை 1815இல் கைப்பற்றிய ஆளுநர்தான் பிரவுன்றிக் என்பதை மனதில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

மொழி ஆங்கிலம், ஆனால் மக்கிரிகர் நிதானமாகப் பேசுகிறார். சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்த பிள்ளை இரண்டாம் தடவை கேட்டால் பெரும்பகுதி பிடிபடும். பி.பி.சி. இணையத்தளத்தில் இலவசம். வரிசைப்படி கேட்க வேண்டியதில்லை. 54இல் தொடங்கி 40க்குப் போகலாம். நூறாவது பொருள், மின்சாரம் இல்லாத வீடுகளுக்கான சூரிய ஒளி விளக்கு.