ஏஜெண்ட் ஆரஞ்சும் படைவீரரின் சர்க்கரை நோயும்

1962 முதல் 1971 வரை தென் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கும் அதிகமாகக் களைக்கொல்லி தெளித்தன. அதில் பெரும்பங்கு ஏஜெண்ட் ஆரஞ்சு. தயாரிப்பின்போதே டயாக்சின் என்ற கொடிய நஞ்சு அதில் சேர்ந்துவிட்டிருந்தது.

ஊர் திரும்பிய வீரர்களை நோய் பிடித்தபோது, எந்த நாளில் எந்தக் காட்டில் மருந்து மேலே பட்டது என்பதற்கு அவர்களிடம் சான்றில்லை. 1984இல் களைக்கொல்லி தயாரித்த ரசாயன நிறுவனங்கள் 18 கோடி டாலர் தந்து, வீரர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டன. 1991ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமே திருப்பம்: போர்க்காலத்தில் வியட்நாமில் பணியாற்றியிருந்தால் நஞ்சு பட்டதாகவே கொள்ளப்படும், பட்டியலில் உள்ள நோய் வந்தால் அதன் காரணத்தை வீரர் நிரூபிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 2001இல் அந்தப் பட்டியலில் ஏறியது. ஆதாரம் வலுவானதல்ல. 2000இல் ஆய்ந்த அறிவியல் குழு, தொடர்புக்கு ஓரளவே சான்றுண்டு என்றது. பரம்பரையும் உடற்பருமனும் உடலுழைப்பின்மையும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்றும் சொன்னது. வியட்நாமையே பார்க்காதவர்களுக்கும் அந்த வயதில் பரவலாக வரும் நோய்தான். ஆனால் ஒருவருடைய நோய் எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லாதபோது, ஐயத்தின் பலனை வீரருக்கே கொடுத்தது அரசு.

ஈட்டுத்தொகை, உடல் இயலாமையின் சதவீதக் கணக்கில் அமைகிறது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமென்றால் 10. அதோடு மாத்திரையோ இன்சுலினோ தேவைப்பட்டால் 20. இன்சுலினுடன், கடும் உழைப்பைத் தவிர்க்கும்படி மருத்துவரே கட்டுப்படுத்தியிருந்தால் 40. நரம்பு, சிறுநீரகம், கண் பாதிப்புகளுக்குப் பொதுவாகத் தனி மதிப்பீடு. பலருக்குப் பணம் பெருகுவது இவற்றால்தான். சதவீதங்களை அப்படியே கூட்டுவதுமில்லை. சிறுநீரகத்துக்கு 60, சர்க்கரைக்கு 20 என்றால் 80 வராது. மிஞ்சிய 40இல் 20 சதவீதமான 8 சேர்ந்து 68 ஆகும், அதை 70 என்று முழுமையாக்குவார்கள்.

கரையிறங்காமல் கப்பலிலேயே இருந்த கடற்படையினரும் வியட்நாமில் பணியாற்றியவர்களா என்ற வழக்கு நெடுங்காலம் இழுத்தது. ஹாஸ் என்ற வீரரின் சர்க்கரை நோய்க் கோரிக்கை 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அதே நீதிமன்றம் 2019 ஜனவரியில் புரோகோபியோ வழக்கில் தன் நிலையை மாற்றி, 12 கடல் மைல் வரையுள்ள கடலும் வியட்நாமே என்றது. அவ்வாண்டே அந்தக் கடற்படையினருக்காக அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் தாய்லாந்து, குவாம் போன்ற இடங்களில் பணியாற்றியவர்களையும் சேர்த்தது.

அதே நஞ்சுக்காக வியட்நாமியர் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு 2005இல் தள்ளுபடியானது.